ரெண்டு இஞ்ச் கூடுதல்

என் மாமனார் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, கோபம் இல்லை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. தம்ளரை நீட்டினால் மரியாதையாக வாங்கிக்கொள்வார். உதட்டில் வைப்பார். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னலோரம் இருந்த பூந்தொட்டியில் ஊற்றிவிடுவார். வருஷக்கணக்காக நோஞ்சானாகக் கிடந்த செடி அது. திடீரென்று தளதளவென்று தழைத்து நிற்பதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. மண்ணில் விரலை விட்டேன். சேறு.

ஏன் ஊற்றுகிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். குடித்தால் போக வேண்டும். போனால் எங்கள் வீட்டுப் புதுக் கம்மோடில் உட்கார வேண்டும். அதில் உட்கார்வதைவிடத் தாகத்தில் செத்துப்போவது மேல் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

மாமா ஒரு துணி தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அவருக்கு 'அரை இஞ்ச்' என்று பட்டப்பெயர். சட்டைக் கை அரை இஞ்ச் இறங்கிவிட்டால் முழுச் சட்டையையும் பிரித்துப் போடுவார். வந்தவர் "பரவால்ல மாஸ்டர், யார் பாக்கப் போறாங்க" என்றால், "நான் பாக்கறேனே" என்பார். "போட்டுப் பார்க்காத துணிக்கு நான் பொறுப்பில்லை" என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். போட்டுப் பார்க்கத் தனி அறையெல்லாம் கிடையாது. ஒரு மூலை, ஒரு திரை. திரைக்கு ஒரு பக்கம்தான் ஆணி. மறுபக்கத்தை மாமாவே பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். உள்ளே இருப்பவர் "ஆச்சு" என்று சொல்லும்வரை தலை இந்தப் பக்கம் திரும்பாது.

என் ரவிக்கைகளையும் அவர்தான் தைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட என்மேல் டேப்பை வைத்ததில்லை. மருமகளை மாமனார் எப்படி அளப்பது? "அளவு ஜாக்கெட் ஒண்ணு வச்சிட்டுப் போம்மா" என்பார், அதுவும் தரையைப் பார்த்தபடி. நான் மேஜையில் வைத்துவிட்டு வருவேன். தைத்தது அதே மேஜையில் இருக்கும். நான் இளைத்தால் அது தானாகவே இளைத்திருக்கும், பெருத்தால் பெருத்திருக்கும். எப்படித் தெரிந்துகொள்வாரோ, நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை. பேசாமல் இருப்பதுதான் எங்களுக்குள் இருந்த மரியாதை.

பழைய கக்கூஸ் குந்தி உட்காரும் வகை. அதில்தான் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே உலோகம் வைத்தார்கள். டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இனிமே குந்தவே கூடாது. வெஸ்டர்ன்தான். அதுவும் உயரம் சரியா இருக்கணும். உக்காந்தா முழங்காலும் இடுப்பும் சமமா வரணும், பாதம் தரையில நல்லாப் பதியணும். தாழ்வா இருந்தா வச்ச மூட்டு கழண்டுக்கும்."

மாற்றும் பொறுப்பை என் கணவர் ஏற்றுக்கொண்டார். அங்கேதான் எனக்குப் பகீரென்றது. அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஊரில் ஓடுகிற அத்தனை பஸ்ஸுக்கும் நேரம் குறிப்பவர், ஒரு பல் பிரஷ் வாங்க ஒரு வாரம் யோசிப்பார். கம்மோடு என்றால் கேட்கவா வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இரவு பகலாகப் போனைத் தேய்த்தார். எந்தக் கம்மோடு எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது, எது ஓசையில்லாமல் மூடுகிறது, எதில் கறை பிடிக்காது என்று எனக்குப் பாடம் நடத்தினார். "உயரத்தைப் பாருங்க" என்றேன். "அளந்துட்டேன். அப்பா தூங்கும்போது குதிகால்லேர்ந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் கரெக்டா அளந்துட்டேன். பதினேழு" என்றார். அவ்வளவு உறுதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. நம்பிவிட்டேன்.

பிளம்பர் வந்து பழையதை உடைத்து, புதியதைப் பொருத்தி, சிமென்ட் காய்ந்து, மாமாவும் வீடு வந்து சேர்ந்தார். வெள்ளை வெளேரென்று அரண்மனைச் சிம்மாசனம் போல நின்றது அது. எனக்கே ஒரு பெருமை வந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் காலை கணவர் டிப்போவுக்குப் போய்விட்டார். மாமா வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் அடுப்படியில் இருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக் மக் விழும் சத்தம் கேட்டது.

"மாமா?"

கதவருகே போனேன்.

"மாமா, வரவா?"

"வராதே."

நின்றேன். உள்ளே மூச்சு இரைக்கும் சத்தம். எதையோ நகத்தால் பிறாண்டும் சத்தம். அப்புறம், அவர் குரலே இல்லை என்னும்படி மெல்லியதாக, "ம்மா" என்றார்.

திறந்தேன். கம்மோடின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் தரையை எட்டவில்லை. எட்டித் தொட முயன்று முன்னால் சரிந்து, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த கால் நடுங்க நின்றார், அல்லது விழுந்துகொண்டிருந்தார். இடுப்புத் துணி ஈரத்தில் கிடந்தது. நான் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கி நிறுத்தினேன். சுத்தம் செய்ய வேண்டியதையும் செய்தேன். துணியைச் சுற்றிவிட்டேன். பால் பொங்கும் நேரம்கூட ஆகியிருக்காது. அடுப்பில் பால் பொங்கித்தான் இருந்தது.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. தம்ளர் பூந்தொட்டிக்குப் போக ஆரம்பித்தது அன்று மத்தியானத்திலிருந்து.

என்னவெல்லாமோ செய்து பார்த்தோம். காலுக்குக் கீழே பலகை போட்டோம். ஈரத்தில் அது வழுக்கியது. நடைப்பயிற்சி கொடுக்க வந்தவர் பார்த்து, தடுக்கி விழுந்தால் இன்னொரு இடுப்பும் போகும் என்று பலகையைத் தூக்கி வெளியே எறிந்தார். படுக்கையிலேயே போகத் தட்டு வைத்தோம். மாமா அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். டயப்பர் வாங்கி வந்ததைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நானே அதை எடுத்து ஒளித்துவைத்தேன். மகன் வரும்வரை நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருந்து, அவர் வந்ததும் ஒரே ஒரு தடவை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போவார். அடக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் இந்தத் தண்ணீர் விரதம்.

எனக்குக் கோபம் வந்தது. பாவம் என்று மட்டும் நினைத்தேன் என்று சொன்னால் அது நடிப்பு. நான் பார்த்துவிட்டேன் என்பதற்காக ஒரு மனுஷன் சாகத் துணிவாரா? அப்படி நான் என்ன செய்துவிட்டேன்? தூக்கினேன். தூக்காமல் விழவிட்டிருக்க வேண்டுமா? பாத்திரம் தேய்க்கும்போது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் கட்டுப் பிரிக்க வந்த நர்ஸ், அவருடைய புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி, விட்டுப் பார்த்தாள். தோல் கீழே இறங்கவில்லை. இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி அப்படியே நின்றது. உதடு வெடித்திருந்தது. அவள் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனாள்.

"தண்ணி குடிக்கறாரா இல்லையா?"

"கொடுக்கறேன். குடிக்க மாட்டேங்கறார்."

"சாயங்காலத்துக்குள்ள ஒழுங்காக் குடிக்க ஆரம்பிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. கிட்னி போயிடும். இந்த வயசுல போனா வராது."

உள்ளே வந்தேன். மாமா ஜன்னலைப் பார்த்தபடி, "அந்த நீலச் சட்டைக்காரர் வந்தா நாளைக்குத் தரேன்னு சொல்லிடு. பட்டனுக்குக் காஜா இன்னும் எடுக்கல" என்றார். எந்த நீலச் சட்டைக்காரர்? கடையை மூடிப் பல வருஷமாகிறது. புத்தி தடுமாறுகிறது. கண் முன்னால் காய்ந்துகொண்டிருக்கிறார்.

கணவரை உடனே வரச்சொன்னேன். நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை என்பதால் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவந்தார். வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எதை வச்சு அளந்தீங்க?"

"எதை?"

"அப்பா காலை. ஆஸ்பத்திரில. எதை வச்சு அளந்தீங்க?"

"டேப்லதான். அப்பாவோட டேப். வீட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போனேன்." பெருமையோடுதான் சொன்னார். "அவர் காலை அவர் டேப்லயே அளந்தேன்."

தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்தேன். மஞ்சள் டேப் சுருண்டு கிடந்தது. பிரித்தேன். முனையில் இருக்க வேண்டிய பித்தளைத் தகடு இல்லை. ஒன்று என்ற எண் இல்லை. இரண்டின் வால் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. கத்தரியால் நேர்த்தியாக வெட்டியிருந்தது. முழுசாகத் தெரிந்த முதல் எண்ணே மூன்றுதான்.

முனை நைந்துபோனதும் மாமா வெட்டி எறிந்திருக்கிறார். புதுசு வாங்க மனசில்லாமல், ஒவ்வொரு அளவிலும் மனசுக்குள்ளேயே இரண்டைக் கழித்துக்கொண்டு காலம் முழுக்கத் தைத்திருக்கிறார். அவர் கைக்கு அது பழக்கம். மகனுக்கு அது தெரியாது. பதினேழு என்று டேப் சொன்னது. பதினேழு என்று வாங்கிவந்தார். உண்மையான கால் பதினைந்து.

டேப்பைக் கணவர் முன்னால் நீட்டினேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். நல்ல வசவுகளாகவே நாக்கில் வரிசையாக நின்றன. அவர் டேப் முனையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கே அளவெடுத்தவர். அவரை யாரும் அளந்ததே இல்லை. நான்தான் முதல் தடவையா..." என்றார். வசவுகளை விழுங்கிவிட்டேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு மாமா அறைக்குப் போனேன். கட்டிலில், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். ரவிக்கையை மேஜையில் வைப்பது போலத்தான். வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன்.

"மாமா, உங்க காலை இதுலதான் அளந்தாராம்."

நெடுநேரம் டேப்பைப் பார்த்தார். விரல்கள் தானாக முனையைத் தேடிப் பிடித்தன. கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. நீலச் சட்டைக்காரர் போய்விட்டார் என்று தெரிந்தது.

"ரெண்டு கழிச்சானா?"

"கழிக்கல மாமா."

கண்ணை மூடிக்கொண்டார். வெடித்த உதடு லேசாக அசைந்தது. "அவனைத் திட்டாதே. வெட்டினவன் நான்தானே" என்றார்.

அந்த நாட்களில் அவர் புத்தி தெளிந்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. விட்டால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்று பயமாக இருந்தது.

"வேற வாங்கிடலாம் மாமா. இன்னிக்கே. நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு?"

"ட்ரயல் பாக்க."

"கக்கூஸுக்கு ட்ரயலா?"

"போட்டுப் பார்க்காத துணிக்கு நான் பொறுப்பில்லைன்னு எழுதி ஒட்டினது யாரு?"

டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம், "அந்தச் சாம்பல் பேன்ட்டை எடு. வெளிய போறதுக்கு அதுதான் சரி" என்றார்.

புறப்படுமுன் ஒரு தம்ளர் தண்ணீரோடு வாசலை மறித்து நின்றேன். குடித்தால்தான் டாக்ஸி நகரும் என்றேன். பூந்தொட்டி பக்கத்தில் இல்லை. அவருக்கு வேறு வழியும் இல்லை. பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினார். அரை இஞ்ச் ஆளுக்குள் அரைத் தம்ளர் போக வைத்ததே பெரிசு.

கடை பெரிய கடை. நுழைந்ததும் மேடை போட்டு, விளக்குப் போட்டு, கம்மோடுகளைக் கல்யாண வீட்டு மாப்பிள்ளைகள் போல நிறுத்தியிருந்தார்கள். சுவரில் ஒட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்பது ஒன்று, கறுப்பு ஒன்று, ஆள் கிட்டே போனதும் தானே மூடி திறப்பது ஒன்று. அது திறந்ததும் மாமா வாக்கரோடு ஓரடி பின்வாங்கினார்.

டை கட்டிய விற்பனையாளர் வந்தார். "வாங்க சார், எந்த மாதிரி டிசைன் யோசிச்சிருக்கீங்க?"

என் கணவர் போனை எடுத்தார். நான் அந்தப் போனை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இவர் உக்காந்து பாக்கணும்" என்றேன்.

"மேடம், இதெல்லாம் டிஸ்ப்ளே..."

"நாற்காலி வாங்கப் போனா உக்காந்து பாக்க மாட்டீங்களா? இதுல நாற்காலியவிட அதிகமாத்தான் உக்காரப் போறாரு."

விற்பனையாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேடையில் ஏற வேண்டாம், பின்பக்கம் தரையில் வரிசையாக இருப்பதில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அழைத்துப் போனார். புதுக் குடித்தனம் போடும் ஒரு இளம் ஜோடியும், அம்மாவும் மகளும் போல இருந்த இரண்டு பெண்களும் அங்கே நின்று டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாவதில் உட்கார்ந்தார். முழங்கால் மேலே ஏறியது. முகம் சுளித்தது. "இடுப்பு இழுக்குது. தாழ்வு." எழுப்பினோம்.

இரண்டாவதில் உட்காரவைத்தோம். அது எங்கள் வீட்டில் இருப்பதன் உடன்பிறப்பு. சாம்பல் பேன்ட்டுக்குக் கீழே இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கின. செருப்பு ஒன்று நழுவி விழுந்தது. என் கணவர் அதை எடுக்கக் குனிந்தவர், நிமிரவில்லை. தொங்கிய அந்தப் பாதத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு அப்படியே மண்டியிட்டிருந்தார். நான் எத்தனை தடவை சொல்லியும் புரியாதது அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

"சரிதான் விடு, எழுப்பு" என்றார் மாமா.

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கே நம்பிக்கை வந்தது. பாதம் பதிந்தது, முழங்கால் நேராக நின்றது. விற்பனையாளர் ஜம்மென்று பொருந்துகிறது என்றார். மாமா அவரைப் பொருட்படுத்தாமல் செருப்பைக் கழற்றச் சொன்னார். "வீட்டுல செருப்போடவா போவேன்?" கழற்றினேன். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் லேசாக வெளிச்சம் தெரிந்தது.

"அரை இஞ்ச்தானேப்பா, பரவால்ல" என்றார் என் கணவர்.

அந்த வார்த்தையை அந்த மனிதரிடம் சொல்ல உலகத்தில் வேறு யாருக்கும் தைரியம் வந்திருக்காது. மாமா மகனை நிமிர்ந்து பார்த்தார். மகன் கையைக் கொடுத்து எழுப்பினார்.

அதற்குள் மாமா களைத்துப்போயிருந்தார். நெற்றியில் வேர்வைகூட வரவில்லை. வருவதற்கு உடம்பில் ஈரம் இருந்தால்தானே. வாக்கர் தரையில் தடதடத்தது. எனக்குள் பயம் ஏறிக்கொண்டே வந்தது. இன்னும் எத்தனை தடவை உட்கார்ந்து எழுவார்? எதுவும் பொருந்தாமல் போனால்? சாயங்காலம் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடி தட்டு, குழாய், யார் யாரோ. அங்கேயே வாயை மூடிக்கொண்டுவிடுவார். திரும்பி வரமாட்டார். எனக்குத் தெரியும்.

"வேற என்ன இருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"இவ்வளவுதான் மேடம். அந்த ஓரத்துல ஒரு பழைய மாடல் இருக்கு. யாரும் கேக்கறதில்ல. தண்ணி பீச்சற ஜெட் கிடையாது, மூடியும் சாதா மூடி."

டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் தூசி படிந்து நின்றது அது. ஒரு அலங்காரமும் இல்லை. என் கைக்குட்டையால் துடைத்தேன். மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் கை பட்டதும் அவர் தோள் சுருங்குவது தெரிந்தது. மெதுவாக இறக்கினோம்.

வெறுங்கால் தரையில் பதிந்தது. குதிகால், விரல், எல்லாம். முழங்காலும் இடுப்பும் பலகை வைத்துச் சமன் பார்த்த மாதிரி நின்றன. மாமா சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். குனிய முடியாததால் மகனிடம் நீட்டினார். மகன் தரையிலிருந்து விளிம்புவரை பிடித்தார்.

"பதினேழுப்பா." நிறுத்தினார். "ரெண்டு கழிச்சா பதினஞ்சு."

மாமா தலையசைத்தார். வாக்கரைப் பிடித்துத் தானே எழுந்தார். யாரும் தொடவில்லை. தானே மறுபடி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நாளாக இறுக்கிப் பிடித்திருந்த தோள் இரண்டும் கீழே இறங்கின. உடம்பு முழுக்கத் தளர்ந்தது. அவ்வளவு தளர்ந்திருக்கக் கூடாது.

சத்தம் முதலில் எனக்குத்தான் கேட்டது. சன்னமாக, பீங்கானில் சொட்டுச் சொட்டாக. அப்புறம் தொடர்ச்சியாக. சாம்பல் பேன்ட் தொடைப் பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது. மாமா கண்ணைத் திறந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அத்தனை நாள் பார்க்காதவர், அந்த நேரத்தில் போய்ப் பார்த்தார்.

டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அந்த இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கணவர் கையில் டேப்போடு கல்லாகி நின்றார். எனக்கு உள்ளே எல்லாம் அறுந்து விழுந்தது. தீர்ந்தது, இத்தோடு எல்லாம் தீர்ந்தது, இனி இவர் ஒரு சொட்டுகூடக் குடிக்கமாட்டார், நானே கூட்டிவந்து நாலு பேர் நடுவில் வைத்து இவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

என் கைதான் முதலில் அசைந்தது. தோளில் கிடந்த துப்பட்டாவை இழுத்து இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தேன். அவருக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தையல் கடையில் அவர் நிற்பாரே, அப்படி. ஒரு முனை தொய்ந்தது. என் கணவர் வந்து அதைப் பிடித்துக்கொண்டு அவரும் திரும்பி நின்றார். இந்தப் பக்கம் திறந்து கிடந்த இடைவெளியில் விற்பனையாளர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்தார். வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "மேடம், இது டிஸ்ப்ளே பீஸ்..." என்றார்.

"இனிமே இல்ல" என்றேன். "இதையே பில் போடுங்க."

அவர் போனார். அந்த ஜோடியும் நகர்ந்தது. துப்பட்டாவுக்குப் பின்னால் சத்தம் நின்றிருந்தது. இப்போது வேறு சத்தம். மாமா அழுதுகொண்டிருந்தார். குழந்தை மாதிரி இல்லை, பெரியவர்கள் அழுவது மாதிரி, மூச்சை அடக்கி அடக்கி. நான் திரும்பவில்லை. கை வலித்தது. என் கண்ணிலிருந்தும் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. எதிரே விற்பனைக்கு வைத்திருந்த கண்ணாடி வாஷ்பேசினையே வெறித்துக்கொண்டு நின்றேன்.

அழுகை அடங்கியது. வாக்கர் லேசாக நகரும் சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஆச்சு" என்றார்.

நாங்கள் அப்போதும் திரும்பவில்லை. இருவருமே.

"ம்மா."

"சொல்லுங்க மாமா."

"தண்ணி வச்சிருக்கியா?"

துப்பட்டாவின் முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு, பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். பாட்டிலைத் திரும்பாமலே பின்னால் நீட்டினேன். அவர் விரல் என் விரலில் பட்டது. சுருங்கவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டார். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மடக் மடக்கென்று, மூச்சு விடாமல், அவர் குடிப்பது கேட்டது.